மூலையில் நின்ற ஏழாவது ஆள்

கபிலா, யாழினி, இது உங்கள் ரெண்டு பேருக்கும் எழுதுவது. மாடி வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் படிக்கக் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காமல் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கபிலன் கம்ப்யூட்டரில் ஒரு பொம்மை வரைந்து காட்டினான். தலையில் தொப்பி, தோளில் பை, ஒரு சின்னப் பையன். "பழைய டிவி கேம் மாதிரியே இருக்காப்பா?" என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். சட்டையில் மட்டும் ஆறு விதமான நீலம்.

"இத்தனை கலரை எங்க டிவி கேம் பெட்டி தாங்காதுடா."

"எத்தனை தாங்கும்?"

"ஒரு ஆளுக்கு மூணு."

அவன் சிரித்துவிட்டான். "மூணு கலர்ல முழு ஆளா? ஏம்பா அவ்ளோ கஞ்சத்தனம்?"

அடுப்படியிலிருந்து யாழினி, "அப்பா தீபாவளிக்குத் துணி எடுக்கும்போதே தெரியலியாடா?" என்றாள். உங்கள் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாது. உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. திருவொற்றியூரில் சாக்கு அச்சடிக்கும் பட்டறையில் வேலை செய்தேன். உரச் சாக்கு, அரிசிச் சாக்கு, மாட்டுத் தீவனச் சாக்கு. ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். பசு மாட்டுக்குக் கறுப்பு ஒரு தடவை, புல்லுக்குப் பச்சை ஒரு தடவை. மூன்றாவது கலர் கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார். இங்க்கைக் கரைக்கிற தின்னர் வாடை தோலில் ஏறிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா, நான் சோப்புப் போட்டுக் கை கழுவி அவளிடம் மோந்து பார்க்கக் கொடுத்த பிறகுதான் சோற்றுப் பானைப் பக்கம் விடுவாள்.

அந்தப் பட்டறையில் டிவி கேம் கேசட்டுக்கு மேலே ஒட்டுகிற ஸ்டிக்கரும் அடிப்போம். ஒருநாள் ஸ்டிக்கர் வாங்க வந்த பெண், நான் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருந்த கோழியைப் பார்த்தார். புள்ளி வைத்த மாதிரி, கட்டம் கட்டமாக நிரப்பிய கோழி. தீவனச் சாக்குக்காக வரைந்தது. "இது யார் வரைஞ்சது?" என்றார். நான்தான் என்றேன். அடுத்த மாதம் அவருடைய ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்தான் ரோஸ்லின் மேடம். ராயபுரத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் கடைசி வரைக்கும் எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் "எத்திராஜ், நீங்க".

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரி உதிரிபாகக் கடைக்கு மேலே ஒரே அறை. கீழே கன்டெய்னர் லாரி போனால் மேலே மேசை ஆடும். அந்த அறையில் மூன்று பேர். மேடம், நான், கணக்குப் போட்டு பெட்டிக்குப் புரிகிற பாஷையில் எழுதும் கரீம் பாய். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஆடுகிற மாதிரி டிவி கேம் செய்து கேசட்டில் போட்டு விற்பது எங்கள் தொழில்.

டிவி கேம் பெட்டி எப்படிப் படம் காட்டும் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதி புரியும். அகலத்தில் எட்டுப் புள்ளி, உயரத்தில் எட்டுப் புள்ளி. அது ஒரு டைல். வீட்டுத் தரைக்கு டைல் ஒட்டுகிற மாதிரி அதை ஒட்டித்தான் எல்லாப் படமும். அதில் ரெண்டு ஜாதி. ஒன்று நிற்கிற படம்: தரை, சுவர், மரம். எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம், ஆனால் ஒட்டிய இடத்தைவிட்டு நகராது. இன்னொன்று ஓடுகிற படம்: ஆள், பந்து, பறவை. இஷ்டத்துக்கு ஓடும். ஆனால் திரையில் ஒரே வரிசையில் எட்டு டைல்தான் ஓடலாம். ஒன்பதாவது வந்தால் பெட்டி அதை வரையாது. சண்டை போடாது, சத்தம் போடாது, அந்தத் துண்டைக் காட்டாது, அவ்வளவுதான்.

கலரும் அப்படித்தான். பின்னால் இருக்கிற பொதுக் கலர் ஒன்று. அதற்கு மேல் ஒரு படத்துக்கு மூன்று. தலைமுடிக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று என்று வைத்தால் தீர்ந்தது. செருப்புப் போட ஆசைப்பட்டால் முடியின் கலரில்தான் செருப்பு.

நான் முதலில் வரைந்தது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒரு ஆள். உயிரைக் கொடுத்து வரைந்தேன். சட்டையில் பாக்கெட்கூட வைத்தேன். பெட்டியில் போட்டு ஓடவிட்டால், அவன் திரும்பும்போது பாக்கெட்டும் இடமிருந்து வலத்துக்குத் தாவியது. ஒரே படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பித்தான் பெட்டி மறுபக்கம் காட்டும், தனியாக இன்னொரு படத்துக்கு இடம் இல்லை. மேடம் சிரிக்கவில்லை. "பாக்கெட்டை எடுத்திடுங்க எத்திராஜ். அதுல யாரும் பீடிக் கட்டு வைக்கப் போறதில்லை" என்றார். அன்றைக்கு எடுத்த பாக்கெட்டை அதற்கப்புறம் நான் எந்த ஆளுக்கும் வைத்ததில்லை.

மேடம் படத்தைப் பாஸ் செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். கிட்ட வந்து பார்க்கவே மாட்டார். மேசைமேல் கலர் டிவி இருக்கும், அதை அணைத்துவிடுவார். மூலையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டிவி. அதில் பெட்டியை மாட்டச் சொல்வார். பிறகு அறையின் கடைசிக்குப் போய், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். வாங்குகிறவன் வீட்டு டிவி அப்படித்தான் இருக்கும், அவன் அத்தனை தூரத்தில் உட்கார்ந்துதான் ஆடுவான் என்பது அவருடைய நியாயம். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே ஒரு கேள்வி.

"இவன் என்ன பண்றான்?"

மூட்டை தூக்குகிறான் என்று நான் சொல்லக் கூடாது. நான் வரைந்தவன், எனக்குத் தெரியும். கரீம் பாய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கீழே கடையிலிருந்து யாராவது வந்து சொல்ல வேண்டும். பார்த்தவர் யோசித்தால் படம் தோற்றது. யோசிக்காமல் சொல்லிவிட்டால் மேடம் டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிப்பார். அதுதான் பாஸ். கபிலா, உன் தொப்பிப் பையனைப் பார்த்ததும் எனக்கும் அந்தக் கேள்விதான் வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் செல்போன் கேம் வந்தது, ஸ்கோர்போர்டு வந்தது, போன வருஷம் ரிடையர் ஆகிற வரைக்கும் செய்த வேலையெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். நான் சொல்ல வந்தது நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கபடி கேசட்.

கபடி யோசனை கரீம் பாயுடையது. "மாமு, கார் ரேசு, துப்பாக்கி சண்டைலாம் எவன் வேணா போடுவான். நம்ம ஏரியா புள்ளைங்க இன்னா ஆடறான்? சடுகுடு ஆடறான். அத்தப் போடுவோம்" என்றார். எனக்குப் புல்லரித்தது. வியாசர்பாடியில் நான் வளர்ந்த தெருவில் சாயங்காலமானால் கோடு போட்டுவிடுவார்கள்.

எங்கள் கேசட்டை மொத்தமாக எடுத்து விற்றவர் ஒரே ஒருவர்தான். ராயபுரத்தில் பொம்மை மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். அவர் எடுத்தால் ஊரெல்லாம் போகும், அவர் வேண்டாம் என்றால் கீழே இருக்கிற லாரி உதிரிபாகக் கடைகூட வாங்காது. கபடி பெட்டியில் ஓரளவு ஓட ஆரம்பித்ததும் அவர் கடைக்குக் கொண்டுபோனோம். உள்ளே பிளாஸ்டிக் பந்துகள் வலைமூட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே டிவியை வைத்தோம்.

ஒரு பக்கம் ஏழு பேர். எதிரணியிலிருந்து பாடி வருகிறவன் ஒருத்தன். ஒரு ஆளின் அகலம் ரெண்டு டைல் என்பதால் ஒரே வரிசையில் நாலு பேருக்கு மேல் தாங்காது. அதனால் ஏழு பேரையும் முன்னே பின்னே பிறை மாதிரி நிறுத்தியிருந்தார் கரீம் பாய். நாலு பேர் முன்வரிசை, மூன்று பேர் பின்வரிசை. தூரத்திலிருந்து பார்த்தால் சரியாக இருந்தது. பாடி வருகிறவன் முன்வரிசைக்கு வந்து நின்றால்தான் வினை. ஐந்தாவது ஆள் ஆகிவிடும். கரீம் பாய் எழுதிய வரிசையில் யார் கடைசியோ அவன் மறைந்துபோவான்.

அண்ணாச்சி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏ தம்பி, லெஃப்ட் கார்னர்ல நின்னவன் எங்கல?"

"அங்கதான் அண்ணாச்சி நிக்கிறான்" என்றேன்.

"நிக்கானா? பாடி வாரவன் கிட்ட வந்ததும் ஆளையே காங்கல. பயந்து ஓடிட்டானா?"

கரீம் பாய் எட்டு டைல் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணாச்சி கையை உயர்த்தி நிறுத்தினார். வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். முட்டிக்குக் கீழே எலும்பு ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு இருந்தது.

"இது எதுல ஒடஞ்சதுன்னு நெனைக்கிய? எங்க ஊரு டீம்ல லெஃப்ட் கார்னர் நான்தான். என்னையே தூக்கிப்புட்டு எங்கிட்டயே விக்க வந்தியளாவே?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. மேடத்தைப் பார்த்துச் சொன்னார். "யம்மா, ஏழு பேருன்னா ஏழு பேரு நிக்கணும். பாடி வாரவன் வந்தா கை கோத்து செயின் போடணும். ஒருத்தனும் மறையக்கூடாது. பரீட்சை லீவுக்குள்ள கொண்டாந்தா நான் எடுக்கேன். முடியலன்னா விட்டுருங்க, வெளியூரு கேசட்டு எங்கிட்ட நெறைய வருது. நீங்க மேல ஒட்டுத ஸ்டிக்கர மட்டும் அடிச்சித் தாங்க, போதும்."

ஸ்டிக்கர் மட்டும் என்றால் என்ன அர்த்தம்? அறையைக் காலி செய்ய வேண்டும். மேடத்துக்கும் கரீம் பாய்க்கும் வேறு எங்காவது வேலை கிடைக்கும். நான் திரும்ப சாக்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். "டிவில பொம்ம வரையறதுக்கு ஒனக்கு சம்பளமா நைனா?" என்று தெருவில் கிண்டல் செய்தவர்களுக்கு நடுவில், தின்னர் வாடையோடு நடந்து வர வேண்டும். உங்கள் அம்மாவிடம் அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே என் கையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இப்பல்லாம் பென்சில் வாசனதான் வருது" என்றாள்.

கரீம் பாய் முதலில் ஒரு வழி பிடித்தார். யாராவது ஒருவன் மறைந்துதான் ஆக வேண்டும் என்றால், ஒருவனே மறையாமல் ஆளுக்கு ஒரு கணம் மறையட்டும். கண் ஏமாறும். வெளிநாட்டு கேசட்டில் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். செய்து கறுப்பு வெள்ளை டிவியில் போட்டோம். மேடம் டிரம் பக்கம் போனார்.

"இவன் என்ன பண்றான்?"

கீழேயிருந்து கூட்டிவந்த கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி மின்னிக்கினு கீறாம்மா."

மேடம் தண்ணீர் குடிக்கவில்லை.

நாலு பேர் போதுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று கரீம் பாய் இழுத்தார். மேடம் எழுந்துவிட்டார். கைப்பையை எடுத்துக்கொண்டு, "எத்திராஜ், உங்க பக்கம் சாயங்காலம் கபடி நடக்குமில்ல? போகலாம்" என்றார்.

மூன்று பேரும் வியாசர்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிற புளியந்தோப்புக்குப் போனோம். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பையன்கள் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூளில் கோடு. நானும் கரீம் பாயும் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். மேடம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அத்தனை தூரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணைப் பாதி மூடியிருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் "அந்தம்மாவுக்கு இன்னா கண்ணு வலியா?" என்று கேட்டார்கள். எங்களையும் அங்கே வரச்சொன்னார்.

பாடுகிறவன் உள்ளே வந்தான். ஏழு பேரும் கை கோத்தார்கள். மேடம் செயினில் மூன்றாவது ஆளைக் காட்டினார்.

"இவன் என்ன பண்றான்?"

நான் பார்த்தேன். "ஒண்ணும் பண்ணல மேடம். நிக்கிறான்."

"அவன்?"

"அவனும் நிக்கிறான்."

"நல்லாப் பாருங்க."

நல்லாப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்த ஆட்டம், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஏழு பேரும் ஆடுகிற மாதிரிதான் நமக்குத் தோன்றும். காலைப் பார்த்தால், செயினில் நிற்கிறவர்களின் கால் நட்ட கம்பம் மாதிரி ஊன்றியிருந்தது. முட்டி மடங்குகிறது, கை அலைகிறது, இடம் மாறவில்லை. பாடுகிறவன் அசந்த நேரத்தில் மூலையிலிருந்து ஒருத்தன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான், பக்கத்திலிருந்தவன் இடுப்பைப் பிடித்தான். அந்த நேரத்தில் ஓடினது மூன்றே பேர்.

"கால் நகரல மேடம். கைதான் ஆடுது" என்றேன்.

கரீம் பாய் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "மாமு! நிக்கறவனுக்கு இன்னாத்துக்கு ஓடற படம்? அவன தரையோட சேத்து ஒட்டுடா! பாயறவன மட்டும் பேத்து எடுப்போம்!"

தரையில் புல் வரைகிற மாதிரி, சுவரில் செங்கல் வரைகிற மாதிரி, நிற்கிற ஆட்களைத் தரைப் படமாகவே ஒட்டிவிடுவது. தரைப் படத்துக்கு எட்டு டைல் கணக்குக் கிடையாது, ஏழு பேர் என்ன, பதினாறு பேரை ஒட்டலாம். எவன் பாய்கிறானோ அவனைத் தரையிலிருந்து அழித்து, அதே இடத்தில் அதே கணத்தில் ஓடுகிற படமாக வைப்பது. பாடுகிறவனோடு சேர்த்து மூன்று பேர், ஆறு டைல். எட்டுக்குள் அடங்கிவிட்டது. மேடம் அந்தத் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலேயே கையேந்தித் தண்ணீர் குடித்தார்.

சொல்வது சுலபம், இனிமேல்தான் என் வேலை. ஒரே ஆளை ரெண்டு தடவை வரைய வேண்டும், தரைக்கு ஒரு தடவை, ஓட்டத்துக்கு ஒரு தடவை. மாறுகிற நேரத்தில் பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடாது. ஒரு புள்ளி தள்ளினாலும் ஆள் விக்கல் எடுத்த மாதிரி துள்ளுவான். கரீம் பாய் பட்டனை அழுத்தி மாற்றி மாற்றிக் காட்டுவார், நான் பார்ப்பேன். கீழே கன்டெய்னர் லாரி போனால் டிவி ஆடியதா ஆள் ஆடினானா தெரியாது. லாரி போகிறவரைக்கும் காத்திருந்து மறுபடி அழுத்துவோம். அப்படியும் ஆள் ஒரு புள்ளி கீழே இறங்கி இறங்கி விழுந்தான். காதில் தப்பா, தோளில் தப்பா என்று நான் அழித்து அழித்து வரைந்தேன். கடைசியில் பார்த்தால் அது பெட்டியின் குணம். ஓடுகிற படம் எதைக் கொடுத்தாலும் அது ஒரு வரி கீழேதான் காட்டும். கரீம் பாய் கணக்கில் ஒன்றைக் குறைத்தார், துள்ளல் நின்றது.

அடுத்த நாள் இன்னொரு கூத்து. லெஃப்ட் கார்னர் பாய்ந்து பிடிக்கிறான், அழகாகப் பிடிக்கிறான். ஆனால் அவன் நின்ற இடத்தில் இன்னொருத்தன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"மாமு, எட்டுப் பேரு கீறான்" என்றார் கரீம் பாய்.

தரையில் ஒட்டியவனை அழிக்க மறந்திருந்தார். மேடம் திரும்பிப் பார்க்காமலே, "அண்ணாச்சி ஏழு கேட்டார், நீங்க ஒண்ணு சேத்துக் குடுக்கறீங்க" என்றார். சரி என்று அழித்தால், அவன் காலுக்குக் கீழே இருந்த சுண்ணாம்புக் கோடும் சேர்ந்து அழிந்து, கோட்டில் ஒரு ஆள் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

அந்தக் கோடுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஆட்டக்காரன் கோட்டின்மேல் நிற்கிறான். பின்னால் இருக்கிற பொதுக் கலர் மணல். அது கணக்கில் சேராது, நல்லது. ஆளுக்கு முடி, தோல், பனியன் என்று மூன்று கலர். கோட்டுக்கு வெள்ளை வேண்டும், அது நாலாவது. நாலாவதுக்கு இடமே இல்லை. பனியனுக்கு நான் சிவப்பு வைத்திருந்தேன். பளிச்சென்று இருக்கும், அண்ணாச்சிக்குப் பிடிக்கும் என்று ஆசையாக வைத்த சிவப்பு. கோட்டைச் சிவப்பாக்கிப் பார்த்தேன், ரத்தக் கறை மாதிரி இருந்தது. கோட்டை எடுத்துப் பார்த்தேன், அப்புறம் அது கபடியே இல்லை.

சாக்குப் பட்டறையில் மூன்றாவது கலர் கிடைக்காதபோது என்ன செய்வோம்? பசுமாட்டின் கொம்பையும் எழுத்தையும் ஒரே கறுப்பில் முடிப்போம். அது ஞாபகம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கோடு பனியனுக்கு மாற வேண்டாம், பனியன் கோட்டுக்கு மாறட்டும். ஏழு பேருக்கும் வெள்ளைப் பனியன். ஒரே வெள்ளை, பனியனுக்கும் அதுவே, சுண்ணாம்புக்கும் அதுவே. மூன்று கலருக்குள் முழு டீமும் கோட்டின்மேல் வந்து நின்றது. கறுப்பு வெள்ளை டிவியில் போட்டால், மணலுக்கும் தோலுக்கும் நடுவில் அந்த வெள்ளைப் பனியன் சிவப்பைவிடப் பத்து மடங்கு எடுப்பாக இருந்தது. சிவப்பாக இருந்தபோது அந்த டிவியில் வெறும் சாம்பலாகத்தான் தெரிந்திருக்கிறது, நான் கலர் டிவியிலேயே பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

கபிலா, கஞ்சத்தனம் என்று கேட்டாயே. அந்த வெள்ளை எனக்குக் கிடைத்த நாளில் நான் அறைக்குள்ளேயே ரெண்டு சுற்று நடந்தேன். ஆறு நீலம் கையில் இருந்திருந்தால் அது எனக்குக் கிடைத்தே இருக்காது.

கடைசியாக மிச்சம் இருந்தது குவியல். பிடித்த பிறகு எல்லோரும் மேலே விழுவார்களே, அது. ஏழு பேரும் ஓடினால் பழையபடி கணக்கு மீறும். அதனால் குவியல் முழுவதையும் தரைப் படமாகவே வரைந்தேன். கால், முதுகு, புழுதி எல்லாம் ஒரே மேடாக. ஓடுகிற டைல் எட்டும் மிச்சம் கிடந்தது. மேடம் கேட்டார், "உள்ள மாட்டினவன் என்ன பண்றான்?" கோட்டைத் தொடப் பார்ப்பான் என்றேன். "அப்ப அதைக் காட்டுங்க." குவியலுக்குள்ளிருந்து ஒரே ஒரு கை மட்டும் ஓடுகிற படமாக வெளியே வந்து, நடுக்கோட்டை நோக்கி விரல் விரலாக ஊர்ந்தது. அதைப் பார்த்த கரீம் பாய் நாற்காலியிலிருந்து எழுந்து, "ஏய் தொட்றாத, தொட்றாத!" என்று கத்தினார். அவர் எழுதிய கேம், அந்தக் கை எங்கே நிற்கும் என்று அவருக்கே தெரியும்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அண்ணாச்சி கடைக்குப் போனோம். இந்தத் தடவை மேடம் அந்தக் கறுப்பு வெள்ளை டிவியையே தூக்கிவரச் சொன்னார். அண்ணாச்சி அதைப் பார்த்ததும், "கலரு டிவி வித்துட்டியளாம்மா?" என்றார். மேடம் கடையைவிட்டு இறங்கி, தெருவில் நிறுத்தியிருந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

பாடி வருகிறவனை ஆட்ட கரீம் பாய் உட்கார்ந்தார். இன்னொரு பக்கத்துப் பட்டனை அண்ணாச்சி கையில் கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கினார். "எனக்கு இதெல்லாம் வராதுவே." ஒரே ஒரு பட்டன்தான் அண்ணாச்சி, பிடிக்கணும்னு தோணும்போது அழுத்துங்க என்றேன்.

பாடுகிறவன் கோட்டைத் தாண்டினான். ஏழு பேரும் கை கோத்தார்கள். அண்ணாச்சி எழுந்துபோய் டிவி கண்ணாடிமேல் விரலை வைத்து எண்ணினார். ஒவ்வொரு தலையாகத் தொட்டு, கடைசியில் இடது மூலைக்கு வந்து, விரலை அங்கேயே வைத்திருந்தார். கரீம் பாய் வேண்டுமென்றே பாடுகிறவனை அந்த மூலைக்கே கொண்டுபோனார். முன்பு இந்த இடத்தில்தான் ஆள் காணாமல் போவான். இப்போது விரலுக்குக் கீழே அவன் முட்டியை மடக்கி, கையை அகட்டி, அசையாமல் நின்றான்.

"நிக்காம்ல" என்றார் அண்ணாச்சி, யாரிடமென்று இல்லாமல்.

திரும்பிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள். தெருவில் போனவர்களும் நின்றார்கள். கரீம் பாய் முன்னே போவதும் பின்னே வருவதுமாகப் போக்குக் காட்டினார். "இன்னா அண்ணாச்சி, தூங்கிட்டியா?" என்று கூட்டத்தில் ஒருவர் சீண்டினார். அண்ணாச்சி காதில் வாங்கவில்லை. பாடுகிறவன் ஒரு காலை நீட்டினான்.

அண்ணாச்சி அழுத்தினார்.

லெஃப்ட் கார்னர் தரையிலிருந்து புறப்பட்டுப் பாய்ந்தான். ஒரு புள்ளி துள்ளவில்லை. கோட்டில் ஓட்டை விழவில்லை. கணுக்காலைப் பிடித்தான், பக்கத்திலிருந்தவன் இடுப்பைப் பிடித்தான், புழுதி எழும்பிக் குவியல் விழுந்தது. குவியலுக்குள்ளிருந்து கை வந்தது. ஊர்ந்தது. கோட்டுக்கு இன்னும் கொஞ்சம்.

மீன்பாடி வண்டிப் பக்கத்திலிருந்து மேடத்தின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, அவன் என்ன பண்றான்?"

"என்ன பண்ணுதானா? புடிச்சிட்டாம்மா! செத்தாலும் விடமாட்டான்!"

கை கோட்டுக்கு ஒரு புள்ளி முன்னால் அடங்கிவிட்டது. கடைக்குள் எழுந்த சத்தத்தில் மேலே தொங்கிய வலைமூட்டை ஒன்று அறுந்து பந்தெல்லாம் கூட்டத்தின்மேல் கொட்டியது. யாரும் பொறுக்கவில்லை. "இன்னோர் ஆட்டம் வுடு பாய்!" என்று கத்தினார்கள். அண்ணாச்சி எத்தனை கேசட் வேண்டும் என்று சொல்லவே மறந்துபோனார், அவருடைய கணக்கப்பிள்ளைதான் வந்து கேட்டார். வெளியே மீன்பாடி வண்டிக்காரரிடம் மேடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த லீவில் வியாசர்பாடியில் எந்த வீட்டைத் தாண்டினாலும் உள்ளேயிருந்து அந்தக் கபடி கேசட்டின் சத்தம் கேட்டது. முன்பு கிண்டல் செய்தவர்களில் ஒருவர் என்னைத் தெருவில் நிறுத்தி, "நைனா, அந்தக் கை கோட்டத் தொடறதுக்கு எதுனா ட்ரிக் கீதா?" என்று கேட்டார். சொல்லவில்லை.

அண்ணாச்சி கடையில் ஆட்டம் காட்டிய அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். உங்கள் அம்மா வழக்கம்போல என் கையைப் பிடித்து மோந்து பார்க்க வந்தவள், திருப்பிப் பார்த்து நின்றுவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரலும் கட்டை விரலும் சிவந்து பதிந்திருந்தன. குவியலிலிருந்து கை ஊர்ந்த அந்த நேரம் முழுக்க அண்ணாச்சி ஒரு கையால் என்னைப் பிடித்திருந்திருக்கிறார். எனக்கு அதுவரை தெரியவே இல்லை.

"ஐயோ, யாருய்யா இப்டிப் புடிச்சது?" என்றாள்.

"லெஃப்ட் கார்னர்" என்றேன்.